அறிவியல் கேள்வி – பதில்: சிறிய நிறுவனம், புதிய நினைவகம்

கேள்வி: ஐம்பது பேர்கூட இல்லாத ஒரு நிறுவனம் ‘எட்ஜ் கம்ப்யூட்டிங்’ கருவிகளுக்காகப் புதிய வகை நினைவகச் சில்லை உருவாக்கி வருவதாகப் படித்தேன். சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகியவை கோலோச்சும் துறையில் இவர்களுக்கு என்ன இடம் இருக்க முடியும்? இருக்கிற நினைவகங்களில்தான் அப்படி என்ன குறை?

பதில்: இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும். தரவைத் தொலைவிலுள்ள தரவு மையத்துக்கு அனுப்பாமல், அது பிறக்கும் இடத்திலேயே, அதாவது கேமராவுக்குள்ளோ, மோட்டாரின் அதிர்வை அளக்கும் உணரிக்குள்ளோ, காதுகேட்கும் கருவிக்குள்ளோ கணக்கிட்டு முடிப்பதையே எட்ஜ் கம்ப்யூட்டிங் அல்லது விளிம்புக் கணிமை என்கிறோம். இத்தகைய கருவிகளில் பல, பேட்டரியில் இயங்குபவை. அவற்றின் மின்செலவை ஆராய்ந்தால், கணக்குப் போடுவதற்கு ஆகும் ஆற்றலைவிட, அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களை நினைவகத்திலிருந்து எடுத்து வருவதற்கு ஆகும் ஆற்றலே பன்மடங்கு பெரிதாக நிற்கிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014-இல் வெளியிட்ட மதிப்பீடு இன்றும் இத்துறையில் எடுத்தாளப்படுகிறது. 45 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் 32 பிட் முழு எண்கள் இரண்டைக் கூட்டுவதற்கு ஏறத்தாழ 0.1 பிக்கோஜூல் போதும். சில்லுக்கு உள்ளேயே இருக்கும், எஸ்ரேம் என்னும் வேகமான 8 கிலோபைட் நினைவகத்திலிருந்து 64 பிட்டைப் படிப்பதற்கு 10 பிக்கோஜூல் ஆகும். சில்லுக்கு வெளியே இருக்கும், டிரேம் என்னும் பெரிய நினைவகத்திலிருந்து அதே 64 பிட்டைக் கொண்டுவருவதற்கோ 1,300 முதல் 2,600 பிக்கோஜூல் வரை ஆகிவிடும். செயற்கை நுண்ணறிவு மாதிரி ஒன்றில் இலட்சக்கணக்கான எடை எண்கள் இருக்கின்றன. 10 இலட்சம் எடைகளை எட்டெட்டு பிட்டாகச் சுருக்கினால்கூட 1 மெகாபைட் தேவைப்படும். இத்தகைய கருவிகளை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலர் என்னும் சிறிய கணினிச் சில்லுகளில் இருக்கும் எஸ்ரேமோ பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். எனவே மாதிரியை வெளியே வைத்துவிட்டு ஒவ்வொரு முறையும் உள்ளே இழுத்து வர வேண்டியிருக்கிறது, பேட்டரியும் அந்தப் போக்குவரத்திலேயே கரைகிறது.

இன்னொரு குறையும் உண்டு. நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து 20 மில்லிவினாடி வேலை செய்துவிட்டு மீண்டும் உறங்கும் ஓர் உணரியை எண்ணிப் பாருங்கள். அதன் வாழ்நாளில் 3,000-இல் 2,999 பங்கு உறக்கம்தான். டிரேம் தன் மின்தேக்கிகளில் உள்ள மின்னூட்டத்தைப் பொதுவாக 64 மில்லிவினாடிக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். எஸ்ரேமுக்குப் புதுப்பிப்புத் தேவையில்லை என்றாலும் உறக்கத்திலும் அதில் மின்கசிவு இருந்துகொண்டே இருக்கும். மின்சாரத்தை முற்றிலும் நிறுத்தினாலோ இரண்டும் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆகவே சில்லுக்கு உள்ளேயே, குறைந்த பரப்பில், மின்சாரம் இல்லாமலும் நினைவை வைத்திருக்கும் ஒன்று தேவைப்படுகிறது.

இதுவரை அந்த இடத்தை நிரப்பி வந்தது, செயலியுடன் ஒரே சில்லில் சேர்த்துச் செய்யப்படும் ஃபிளாஷ் நினைவகம். அதைச் செய்யப் சுற்றின் வடிவத்தை அச்சிட உதவும் மாஸ்க்குகள் கூடுதலாகப் பத்துக்கும் மேலும், அழிப்பதற்கு 10 வோல்ட் அளவிலான மின்னழுத்தமும் வேண்டும். 28 நானோமீட்டருக்குக் கீழே சிறுத்துவிட்ட டிரான்சிஸ்டர்களுக்குப் பக்கத்தில் இதை வைப்பது மிகவும் கடினமாகவும் செலவு மிக்கதாகவும் ஆகிவிட்டதால், பெரும்பாலோர் அந்த எல்லையிலேயே நின்றுவிட்டார்கள். சிறிய நிறுவனத்தின் இடம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. தாங்கள் குறிப்பிட்ட மூன்று பெரிய நிறுவனங்களின் நினைவக வருமானம் முதன்மையாக டிரேமையும் நான்ட் ஃபிளாஷையும் பெருமளவில் விற்பதில் வருகிறது. அந்தச் சந்தையில் விலையில் போட்டியிட்டு வெல்வோம் என்று ஒரு சிறு நிறுவனம் சொன்னால் நான் நம்ப மாட்டேன். மற்றவர்களின் சில்லுகளுக்குள் பொருத்தத்தக்க ஒரு நினைவகப் பகுதியைச் செய்கிறோம் என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பேன்.

கேள்வி: சில்லுக்குள் எஸ்ரேமையே அதிகமாக வைத்துவிட்டால் என்ன?

பதில்: வைக்கலாம், வைக்கிறார்கள். ஆனால் ஒரு பிட்டுக்கு ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டியிருப்பதால் அது இடத்தை விழுங்குகிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு தலைமுறையிலும் அந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது சுருக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. டிஎஸ்எம்சி நிறுவனத்தின் 5 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில், ஒரு பிட்டை வைத்திருக்கும் ஓர் எஸ்ரேம் கலத்தின் பரப்பு 0.021 சதுர மைக்ரோமீட்டர். அடுத்து வந்த என்3இ என்னும் 3 நானோமீட்டர் தொழில்நுட்பத்திலும் அதே 0.021தான். சில்லுகள் செய்யப்படும் சிலிக்கான் தகடான வேஃபரின் விலை ஏறியிருக்க, கலத்தின் பரப்பு மட்டும் குறையவில்லை என்றால், ஒவ்வொரு பிட்டின் விலையும் ஏறிவிட்டது என்று பொருள்.

கேள்வி: எம்ரேம், ரீரேம், எஃப்ரேம் என்று பல பெயர்கள் அடிபடுகின்றன. இவற்றுக்குள் வேறுபாடு என்ன, எது வெல்லும்?

பதில்: மூன்றும் மின்னூட்டத்தைச் சேமிப்பதை விட்டுவிட்டு, பொருளின் வேறொரு நிலையைச் சேமிக்கின்றன.

எம்ரேமில், ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிமனுள்ள மக்னீசியம் ஆக்சைடு படலத்தின் இரு புறமும் காந்தப் படலங்கள் இருக்கின்றன. இரண்டின் காந்தத் திசையும் ஒன்றாக இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக இருந்தால் அதிகம். இந்த வேறுபாடே பூச்சியமும் ஒன்றும் ஆகிறது. சுழல் திசை ஒருமுகப்பட்ட எலக்ட்ரான்களின் ஓட்டமே காந்தத் திசையைத் திருப்பிவிடும் என்பதை இயற்பியலாளர்கள் ஸ்லோன்செவ்ஸ்கியும் பெர்கரும் 1996-இல் தனித்தனியே கணித்தார்கள். மக்னீசியம் ஆக்சைடு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது 2004-இல் சோதனைகளில் தெரிந்தது. ஃப்ரீஸ்கேல் நிறுவனம் 2006-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 4 மெகாபிட் எம்ரேம், புறக் காந்தப் புலத்தால் எழுதப்படும் பழைய வகையைச் சேர்ந்தது. அந்த நிறுவனத்தின் எம்ரேம் பிரிவே 2008-இல் எவர்ஸ்பின் என்ற தனிச் சிறு நிறுவனமாகப் பிரிந்தது.

ரீரேமின் அமைப்பு இன்னும் எளிது. இரு மின்முனைகளுக்கு இடையே ஓர் ஆக்சைடு படலம் இருக்கும். அதில் ஆக்சிஜன் அணுக்கள் விலகிய வெற்றிடங்கள் வரிசையாகச் சேர்ந்து ஒரு கடத்தும் இழையாகும். எதிர்த் திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் இழை அறுபடும். கூடுதல் மாஸ்க்குகள் மிகக் குறைவு என்பதே இதன் பெரிய கவர்ச்சி. பானசோனிக் 2013-லேயே ரீரேம் பொதிந்த மைக்ரோகன்ட்ரோலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. குறை என்னவென்றால், ஒவ்வொரு முறை உருவாகும்போதும் இழை சற்றே வேறு மாதிரியாக உருவாகிறது.

எஃப்ரேம் 1990-களிலிருந்தே சந்தையில் இருந்தாலும், அதற்குப் பயன்பட்ட ஈயம் கலந்த பொருளை நவீனத் தொழிற்சாலைகள் விரும்பவில்லை. சிலிக்கான் சேர்த்த ஹாஃப்னியம் ஆக்சைடின் மெல்லிய படலம், மின்னழுத்தம் நீங்கிய பிறகும் மின்முனைவுத் திசையைத் தக்கவைக்கும் ஃபெரோமின் பண்பைக் காட்டுகிறது என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு இந்த நிலையை மாற்றிவிட்டது. ஏனெனில் ஹாஃப்னியம் சார்ந்த பொருளை இன்டெல் 2007-லேயே தன் 45 நானோமீட்டர் டிரான்சிஸ்டர்களில் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. தொழிற்சாலைக்கு அது அந்நியப் பொருள் இல்லை. டிரெஸ்டனில் இயங்கும் எஃப்எம்சி என்ற சிறு நிறுவனம் இந்த வழியிலேயே நடக்கிறது.

நான்காவதாக, நிலைமாற்ற நினைவகத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியம், ஆன்டிமனி, டெலூரியம் கலந்த பொருளைப் படிக நிலைக்கும் படிகமற்ற நிலைக்கும் மாற்றி நினைவாக்குவது இது. எஸ்டிமைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் இதை வாகனங்களுக்கான மைக்ரோகன்ட்ரோலர்களில் பயன்படுத்துகிறது.

எது வெல்லும் என்ற கேள்விக்கு என் கருத்து, ஒன்று மட்டும் வெல்லாது என்பதே. அடிக்கடி எழுதப்படும் இடத்துக்கு எம்ரேமும், ஒருமுறை எழுதிப் பலமுறை படிக்கப்படும், விலை குறைவாக இருந்தாக வேண்டிய இடத்துக்கு ரீரேமும் பொருந்தும். எழுதும் ஆற்றல் மிகமிகக் குறைவாக இருக்க வேண்டுமென்றால் எஃப்ரேம் நல்லது.

கேள்வி: ஆய்வகத்தில் ஒரு கலம் நன்றாக வேலை செய்வதாகக் கட்டுரைகள் வந்த பிறகும், சில்லு கடைக்கு வருவதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிறதே. மெத்தனமா, பணமில்லையா?

பதில்: இரண்டும் ஓரளவு இருக்கலாம். ஆனால் முதன்மையான காரணம் எண்ணிக்கை. ஒரு கலம் வேலை செய்வதும் ஒரு கோடியே அறுபத்தெட்டு இலட்சம் கலங்களும் வேலை செய்வதும் வெவ்வேறு செய்திகள். 16 மெகாபிட் சில்லில் 1,67,77,216 கலங்கள் இருக்கின்றன. பத்து இலட்சத்துக்கு ஒன்று வீதம் பழுதானாலும் ஒரு சில்லுக்குப் பதினேழு பிட்டுகள் தவறிவிடும்.

எம்ரேமைக் கொண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். கணக்கைத் தாண்டிச் செல்ல விரும்புவோர் அடுத்த பத்திக்குப் போகலாம். காந்தத் திசை தானாகப் புரண்டுவிடாதபடி தடுக்கும் ஆற்றல் மேட்டின் உயரத்தை, அந்த வெப்பநிலையின் வெப்ப ஆற்றலால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை டெல்டா என்கிறார்கள். ஒரு பிட் தன் நினைவைச் சராசரியாக எவ்வளவு காலம் காக்கும் என்பது, 1 நானோவினாடியை, இயற்கை மடக்கையின் அடிமானமான 2.718-இன் டெல்டா அடுக்கால் பெருக்கினால் கிடைக்கும். டெல்டா 40 என்றால் ஏழு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 16 மெகாபிட் சில்லு முழுவதையும் எடுத்துக்கொண்டால், அவற்றில் ஏதேனும் ஒரு பிட் புரள்வதற்குச் சராசரியாக 14 வினாடிகளே ஆகும். டெல்டாவை 60-க்கு உயர்த்தினால் அதே சில்லில் முதல் பிட் புரள இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். சிக்கல் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். அறை வெப்பத்தில் 60 ஆக இருக்கும் டெல்டா, வாகனக் கருவிகளுக்கு விதிக்கப்படும் 125 டிகிரி செல்சியஸில், வெப்பநிலை உயர்வால் மட்டுமே 45 அளவுக்கு இறங்கிவிடும். காந்தப் பண்பும் வெப்பத்தில் தளர்வதால் உண்மையில் இன்னும் இறங்கும். 45-இல் அந்த இருநூறு ஆண்டுகள் ஏறத்தாழ 35 நிமிடங்களாகச் சுருங்கிவிடுகின்றன. சில்லைப் பலகையில் பற்றவைக்கும்போது அது சந்திக்கும் 260 டிகிரியைச் சொல்லவே வேண்டாம். அப்படியானால் டெல்டாவை 80-க்கோ 90-க்கோ உயர்த்திவிடலாமே என்றால், எழுதுவதற்குத் தேவையான மின்னோட்டமும் அதே விகிதத்தில் உயரும். மின்னோட்டம் உயர்ந்தால் அதைத் தரும் டிரான்சிஸ்டர் பெரிதாக வேண்டும், கலம் பெரிதாகும், மக்னீசியம் ஆக்சைடு படலமும் விரைவில் தேயும்.

இப்படி ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும் நிலையில், நீண்டகால நினைவுக்கு ஒரு வகை, வேகமாக எழுதுவதற்கு இன்னொரு வகை என்று ஒரே தொழில்நுட்பத்தைப் பலவாகப் பிரித்துத் தனித்தனியே சீர்செய்கிறார்கள். பிழைதிருத்தக் குறிகளைச் சேர்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புரளும் பிட்டுகளைச் சரிசெய்கிறார்கள். ரீரேமில் இழைகளின் மின்தடைகள் பரந்து சிதறியிருப்பதால், பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட இடைவெளி எந்தக் கலத்திலும் மூடிவிடாதபடி, எழுதிய பிறகு படித்துப் பார்த்து மீண்டும் எழுதும் சுற்றுகளை வகுக்கிறார்கள்.

பிறகு சான்று வேண்டும். பத்தாண்டு நினைவு என்று உறுதியளிப்பவர் பத்தாண்டு காத்திருக்க இயலாது. எனவே சில்லுகளை உயர் வெப்பத்தில் வைத்து, தேய்வை விரைவுபடுத்தி, அதிலிருந்து கணிக்கிறார்கள். வாகனத் துறையின் ஏஇசி-க்யூ100 தரநிலை, தனித்தனி மூன்று உற்பத்தித் தொகுதிகளிலிருந்து தலா 77 சில்லுகளை எடுத்து 1,000 மணி நேரம் உயர் வெப்பத்தில் இயக்கி, ஒன்றுகூடப் பழுதாகக் கூடாது என்கிறது. ஒன்று பழுதானால் காரணத்தைக் கண்டறிந்து, செய்முறையைத் திருத்தி, புதிய வேஃபர்கள் வருவதற்குப் பல மாதங்கள் காத்திருந்து, மீண்டும் தொடங்க வேண்டும். சிறு நிறுவனத்தின் பணம் தீர்வது பெரும்பாலும் இந்தச் சுற்றுகளில்தான்.

பணம் மட்டுமே போதும் என்றும் இல்லை. இன்டெல்லும் மைக்ரானும் 2015-இல் அறிவித்த 3டி எக்ஸ்பாயின்ட் நினைவகம், தொழில்நுட்ப அளவில் வேலை செய்தது, ஆப்டேன் என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. 2021-இல் மைக்ரான் விலகியது. 2022-இல் இன்டெல் 55.9 கோடி டாலர் சரக்கு மதிப்பைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டு ஆப்டேனை மூடியது. டிரேமுக்கும் ஃபிளாஷுக்கும் நடுவே ஓர் இடம் இருப்பது உண்மைதான். அந்த இடத்துக்கு வேண்டிய விலையில் தருவதற்குப் போதுமான அளவு விற்பனை வரவில்லை.

கேள்வி: சொந்தத் தொழிற்சாலை இல்லாமல் எப்படிச் சில்லு செய்கிறார்கள்?

பதில்: வடிவமைப்பை மட்டும் தாங்கள் செய்து, உற்பத்தியை, பிறருக்காகச் சில்லு செய்து தரும் தொழிற்சாலையான ஃபவுண்டரியிடம் விடுவது சில்லுத் துறையில் பழைய வழக்கம். பல நிறுவனங்களின் வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் அச்சிட்டு மாஸ்க் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் புதிய நினைவகம் செய்பவருக்குக் கூடுதலாக ஒரு தடை உண்டு. அவர் கொண்டுவருவது புதிய வரைபடம் மட்டுமில்லை, புதிய பொருளும்கூட. ஒரே இயந்திரத்தில் வேறு வாடிக்கையாளர்களின் வேஃபர்களும் ஓடுவதால், பழக்கமில்லாத உலோகம் ஒன்று அங்கே கலந்துவிடுமோ என்று ஃபவுண்டரி அஞ்சும். உலோக இணைப்புகளை இடும் கட்டத்தில் வேஃபர் காணும் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் புதிய படலங்கள் தாங்க வேண்டும்.

ஆகவே முதலில் ஓர் ஆய்வு நிலையத்தின் உற்பத்தி வரிசையில் சில்லைச் செய்து காட்டுவது வழக்கமாகிவிட்டது. ரீரேமில் ஈடுபட்டுள்ள வீபிட் நானோ, பிரான்சின் சிஇஏ-லெட்டி நிலையத்தோடு பணியாற்றிய பின்னரே, 130 நானோமீட்டரில் ஸ்கைவாட்டர் ஃபவுண்டரிக்குத் தன் தொழில்நுட்பத்தை எடுத்துச் சென்றது. இத்தகைய நிறுவனங்கள் சில்லை விற்பதைவிட, செய்முறையையும் வடிவமைப்பையும் உரிமமாகக் கொடுத்து, முன்பணமும் பிறகு விற்கும் ஒவ்வொரு சில்லுக்கும் ராயல்டியும் பெறவே விரும்புகின்றன. எவர்ஸ்பின் வேறு வழியில் நிற்கிறது. தொழிற்சாலைக் கருவிகள், விண்வெளி, சேமிப்பகக் கட்டுப்பாட்டுச் சில்லுகள் என, மின்சாரம் நின்றாலும் தரவு போகக் கூடாத, விலை இரண்டாம்பட்சமான இடங்களுக்குத் தானே சில்லுகளை விற்கிறது. எம்ரேமில் இறங்கிய ஸ்பின் மெமரி என்ற இன்னொரு நிறுவனம் 2021-இல் மூடப்பட்டது.

கேள்வி: நினைவகத்துக்குள்ளேயே கணக்குப் போட முடியும் என்கிறார்களே, அது விளம்பரமா?

பதில்: விளம்பரமில்லை, இயற்பியல். கலங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகளில் அடுக்கி, எடை எண்களை அவற்றின் கடத்துதிறனாக எழுதிவிட்டு, உள்ளீட்டை மின்னழுத்தமாகக் கொடுத்தால், ஓம் விதி பெருக்கலையும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதி கூட்டலையும் தாமே செய்துவிடுகின்றன. தரவு நகர வேண்டியதே இல்லை. இடர்ப்பாடு வெளியே காத்திருக்கிறது. தொடர்ச்சியான மின்னோட்டத்தை மீண்டும் எண்ணாக மாற்றும் சுற்றுகள் சில்லின் பரப்பிலும் ஆற்றலிலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. கலங்களின் கடத்துதிறன் காலத்தாலும் வெப்பத்தாலும் நகர்வதால் விடையும் நகர்கிறது. ஃபிளாஷைக் கொண்டு இம்முறையில் சில்லு செய்த மிதிக் நிறுவனம் 2022 இறுதியில் பணம் தீர்ந்து நின்றுபோய், 2023-இல் புதிய முதலீட்டோடு மீண்டது. பேச்சில் ஒரு குறிச்சொல்லைக் கண்டறிவது போன்ற, சிறு பிழையைப் பொறுக்கும் வேலைகளுக்கு இது விரைவில் பயன்படும் என்றே எண்ணுகிறேன். பெரிய மொழி மாதிரிகளுக்கு இதுவே தீர்வு என்பவர்களிடம் எனக்கு ஐயம் மிகுதி.

கேள்வி: முதுகலை இயற்பியல் மாணவி நான். இத்தகைய நிறுவனத்தில் எனக்கு வேலை உண்டா?

பதில்: உண்டு. படல இயற்பியலோடு புள்ளியியலையும், அளவீடுகளைத் தானியங்கியாக ஓட்டும் அளவுக்கு நிரலாக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். கலத்தைக் கண்டுபிடிக்க முன்வருவோர் பலர். கோடிக் கலங்களின் அளவீட்டில் வால் பகுதியில் கிடக்கும் பத்துக் கலங்கள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு.

கேள்வி: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இத்தகைய நிறுவனம் ஒன்று ‘திருப்புமுனை’ என்று அடிக்கடி அறிக்கை விடுகிறது. தொழில்நுட்பம் அறியாதவன் எதைப் பார்த்து எடைபோடுவது? பங்கு வாங்கலாமா?

பதில்: முதலில், அளவீடு ஒரு கலத்திலா, மெகாபிட் தொகுப்பிலா என்று பாருங்கள். அறிக்கை அதைச் சொல்லவில்லையென்றால் ஒரு கலம் என்றே கொள்ளலாம். வேஃபர் யாருடைய தொழிற்சாலையில் செய்யப்பட்டது என்பது அடுத்தது. ஆய்வகத்திலிருந்து வணிக ஃபவுண்டரிக்கு மாறியது உண்மையான முன்னேற்றம், ஆய்வகத்திலேயே மேலும் சிறிய அளவில் செய்து காட்டியது அதைவிடக் குறைந்த முன்னேற்றம். ‘ஃபிளாஷைவிட நூறு மடங்கு வேகம்’ என்று இருந்தால், அது எழுதும் வேகமா படிக்கும் வேகமா என்று கேளுங்கள். ஃபிளாஷ் எழுதுவதில் மிக மெதுவானது, ஆகவே எழுதும் வேகத்தில் அதை வெல்வது பெரிய காரியமில்லை. எடைகளைப் படித்துக்கொண்டே இருக்கும் விளிம்புக் கருவிக்கு முக்கியமானது படிக்கும் ஆற்றல். நினைவு எந்த வெப்பநிலையில் எத்தனை ஆண்டுகள் நிற்கும் என்பதும், எந்தத் தரநிலையின்படி, எத்தனை தொகுதிகளில் சோதிக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். வெப்பநிலை இல்லாத ஆண்டுக்கணக்குக்கு மதிப்பில்லை.

நிதி அறிக்கையில் ராயல்டி வருமானத்தைத் தேடுங்கள். உரிம முன்பணம் மட்டுமே இருந்தால், வாடிக்கையாளர் இன்னும் சோதித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்; ராயல்டி வரத் தொடங்கினால் யாரோ ஒருவர் அந்த நினைவகம் பொதிந்த சில்லை விற்றுக்கொண்டிருக்கிறார். கையிலுள்ள பணம் இன்னும் எத்தனை காலாண்டுகளுக்குப் போதும் என்பதையும், மேலே சொன்ன சோதனைச் சுற்று ஒன்று தோற்றால் சில்லு சந்தைக்கு வருவது எவ்வளவு தள்ளிப்போகும் என்பதையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பங்கு வாங்கலாமா என்ற கேள்விக்கு இப்பகுதியில் பதில் சொல்வதில்லை.